கோத்தகிரியில் இருந்து பாய்மரக் கப்பலுக்கு

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பழைய காலத்துப் பாய்மரக் கப்பலில் கரையோரமாகவே அஞ்சாறு நாள் போய் வருகிற விடுமுறை இருக்காமே. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகுது. நானும் வீட்டுக்காரியும் போகலாம்னு ஆசை. அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும். ஆனா மேட்டுப்பாளையம் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற குடும்பம் நாங்க. அம்மா சின்ன வயசுல தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தவங்க. அதுக்கப்புறம் கப்பல்னாலே வேண்டாங்கிறாங்க. எங்களுக்கு இது ஒத்துவருமா? எங்கே போகலாம்? எதைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்கணும்?"

தம்பி, நான் குன்னூர்க்காரன். இருபது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். சம்பளத்துக்கு ஏறியதெல்லாம் இரும்புக் கப்பல். சொந்தக் காசு போட்டு ஆசைக்காக ஏறியது மூன்று தடவை, மூன்றும் பாய்மரக் கப்பல். அதனால் தெரிந்தே சொல்கிறேன்: உங்களுக்கு ஒத்துவரும். மலையில் வளர்ந்தவர்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே ஒத்துவரும் என்பது என் எண்ணம். ஒன்றே ஒன்று முக்கியம். உங்களைச் சும்மா உட்கார வைத்துச் சுமந்து போகிற கப்பலாக இருக்கக் கூடாது. கயிற்றை உங்கள் கையில் கொடுக்கிற கப்பலாகப் பார்த்து ஏறுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெளிநாட்டில் 'டால் ஷிப்' என்ற பெயரில் எல்லாவற்றையும் விற்கிறார்கள். மூன்று நான்கு பாய்மரம், ஒவ்வொன்றிலும் பருமல் என்கிற குறுக்குக் கட்டை கட்டி அதில் சதுரப் பாய் தொங்கும் பெரிய கப்பல் ஒரு வகை. இரண்டு பாய்மரம், கப்பலின் நீளவாக்கிலேயே பாய் ஓடும் ஸ்கூனர் இன்னொரு வகை. சதுரப் பாய் குடை மாதிரி. பின்னாலிருந்து காற்று வந்தால் பிய்த்துக்கொண்டு போகும், எதிர்க்காற்றில் திணறும். ஸ்கூனரின் பாய் கீலில் ஆடும் கதவு மாதிரி. பாயின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் தாமான் கயிற்றை இழுத்தோ தளர்த்தியோ அந்தக் கதவை வேண்டிய அளவுக்குத் திறந்து வைக்கலாம். காற்று வருகிற திசைக்கு நாற்பத்தைந்து ஐம்பது டிகிரி வரை நெருங்கிப் போகும். சதுரப் பாய்க் கப்பலுக்கு அறுபது டிகிரிக்குக் கீழே வருவதே கஷ்டம். கரையோரத்தில், தீவுகளுக்கு நடுவே, மணிக்கொரு தரம் திசை மாற்றிப் போகிற விடுமுறைக்கு ஸ்கூனர்தான் சரி. ஆளும் குறைவாகவே வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்துக் கரையோரச் சரக்கு வியாபாரம் ஸ்கூனர்களை நம்பி இருந்தது.

வேகத்தைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். நல்ல காற்றில் இப்படிப்பட்ட கப்பல் ஐந்தாறு நாட் போகும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, மணிக்கு ஒன்பதில் இருந்து பதினோரு கிலோமீட்டர். நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் எடுக்கிறது இல்லையா, கிட்டத்தட்ட அதே வேகம். அந்த ரயிலில் உட்கார்ந்து யாரும் வேகத்தைக் குறை சொல்வதில்லை. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றால் இறங்கிப் போய் டீ குடிக்கிறோம். அந்த மனநிலை இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கப்பல்.

காலையில் பாய் ஏற்றுவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்த விடுமுறை எப்படிப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும். ஸ்கூனரின் பெரிய பாய்க்கு மேலே ஒரு கனமான கட்டை உண்டு. அதன் பாய்மரத்துப் பக்க முனைக்கு ஒரு கயிறு, வெளிமுனைக்கு இன்னொரு கயிறு. பயணிகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர், அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். இரண்டு முனையும் சமமாக ஏற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கட்டை சாய்ந்து சிக்கிக்கொள்ளும். கப்பலாள் ஒருவர் நடுவில் நின்று மேலே பார்த்தபடியே "இந்தப் பக்கம் நிறுத்து, அந்தப் பக்கம் இழு" என்று குரல் கொடுப்பார். முதல் பத்தடி சுலபம். பாதிக்கு மேல் பாயின் முழுக் கனமும் கையில் இறங்கும். கப்பிகள் கிறீச்சிடும். இழுத்த கயிற்றை மர முளையில் எட்டுப் போட்டுக் கட்டுகிறவரை யாரும் கையை விடக் கூடாது. நான் முதல் நாள் என்னை அறியாமல் "ஐலசா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இழுத்தேன். பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பாட்டி அது என்ன என்று கேட்டு, மறுநாள் அவரும் சொன்னார். மூன்றாம் நாள் எங்கள் வரிசை முழுக்க அதைத்தான் சொன்னது.

பாய் காற்றை வாங்கியதும் கப்பல் லேசாகச் சாயும். அதுவரை கப்பலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த சின்னத் துணைப்படகின் மோட்டாரை நிறுத்துவார்கள். அப்போது ஒரு நிசப்தம் வரும். முழு நிசப்தம் இல்லை. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், தண்ணீர் பிளக்கிற சத்தம், கட்டையும் கயிறும் உரசுகிற சத்தம். காற்றடிக்கிற நாளில் மூங்கில் புதருக்குள் நின்றால் முனகுமே, அச்சு அசல் அந்தச் சத்தம். கடலில் அத்தனை வருஷம் இருந்தும் இயந்திரம் ஓடாத கடலை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

இப்போது குமட்டல். அம்மாவின் கேள்வியும் இதுதான், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். மலைப்பாதையில் வருவதும் கடலில் வருவதும் ஒரே கோளாறு. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. பஸ்ஸின் முன்சீட்டு முதுகையோ கையிலிருக்கும் போனையோ பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. மூளை குழம்புகிறது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் டிரைவருக்கு வாந்தி வராததைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். கப்பலிலும் அப்படித்தான். தலை சுற்றுகிறது என்றால் படுக்கை அறைக்கு ஓடாதீர்கள், அங்கேதான் அதிகமாகும். மேல்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், தொடுவானம் தெரிகிற மாதிரி நில்லுங்கள். அணியத்தில் ஊஞ்சல் அதிகம், நடுவில் குறைவு. முடிந்தால் சுக்கானைப் பிடிக்கக் கேளுங்கள். சின்னக் கப்பல்களில் பயணிகளுக்குச் சுக்கானைத் தருவார்கள். பத்து நிமிஷம் பிடித்தால் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அலை வருவதைக் கை உணர்ந்துவிடுகிறது. மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்பும் முன்பே போட வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. நம் ஊரில் மலை ஏறப் போடும் அவோமின் வகைதான்; அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டே கொடுங்கள். தூக்கம் வரும். இஞ்சி மரப்பாவும் ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கரையோரக் கப்பல்கள் பெரும்பாலும் ராத்திரி ஓடுவதில்லை. சாயங்காலம் ஏதாவது ஒரு குடாவுக்குள் நுழைந்து நங்கூரம் போட்டுவிடுவார்கள். தண்ணீர் அங்கே ஏரி மாதிரி இருக்கும். நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று முறை வைத்து இரவும் பகலும் ஓடுவது நீண்ட கடல் பயணத்துக்குப் போகும் பெரிய கப்பல்களின் வழக்கம். உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

எங்கே போகலாம்? முதலில் நம் நாட்டுச் சங்கதி. இந்தியாவில் இந்த வகைக் கப்பல் இல்லாமல் இல்லை. கடற்படையின் தரங்கிணி மூன்று பாய்மரக் கப்பல், கோவாவில் கட்டி 1997ல் சேர்த்தார்கள், 2003–04ல் உலகையே சுற்றி வந்தது. 2012ல் அதன் தங்கை சுதர்சினி சேர்ந்தது. இரண்டுக்கும் கொச்சிதான் வீடு. ஆனால் இரண்டும் பயிற்சி அதிகாரிகளுக்கானவை, நமக்கு டிக்கெட் கிடையாது. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெறும் பாயிலேயே சரக்கு கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. பிறகு இயந்திரம் வைத்துக்கொண்டார்கள். ஒரு தோணியைப் பழையபடி பாய் கட்டி, தோணி ஓட்டும் தண்டேல்களின் கையில் கொடுத்து, ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை பத்துப் பேரைக் கூட்டிப்போனால் எப்படி இருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள் யாரையும் இறக்க முடியாது, அது கடல்சார் தேசியப் பூங்கா. ஆனாலும் பார்த்துக்கொண்டே கடக்கலாமே. அந்த அறிவு வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கும்போதே யாராவது செய்ய வேண்டும்.

வெளிநாட்டில் என் முதல் தேர்வு அமெரிக்காவின் மேய்ன் மாநிலம். ராக்லண்ட், கேம்டன் என்ற இரண்டு சின்ன ஊர்களில் இருந்து ஸ்கூனர்கள் கிளம்பும். லூயிஸ் ஆர். ஃப்ரெஞ்ச், ஸ்டீபன் டேபர் இரண்டும் 1871ல் கட்டியவை, இன்றைக்கும் ஓடுகின்றன. இரண்டின் வயிற்றுக்குள்ளும் இயந்திரமே கிடையாது. காற்று செத்துவிட்டால் பின்னால் ஒரு சின்னப் படகு முட்டித் தள்ளும். விறகடுப்பில் சமையல். வெளிக்கடல் அலையைத் தீவுக்கூட்டம் தடுத்துவிடுவதால் ஆட்டம் குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தண்ணீர் இல்லை. மூன்று நாளில் இருந்து ஆறு நாள் வரை பயணம் உண்டு. ஜூலையில் மூடுபனி அதிகம். எல்லாரும் அதற்கு முகம் சுளிப்பார்கள், உங்களுக்கு அது கோடநாடு போகிற பாதை. செப்டம்பரில் வானம் தெளிவு, காற்றும் நிலையாக இருக்கும்; நானாக இருந்தால் அந்த மாதம்தான். குறை என்றால் விசாவும் விமானச் செலவும்தான்.

இரண்டாவது, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகள். அழகு அதிகம், காற்றும் அதிகம், மழை நம் தேவாலா மாதிரி. 1904ல் கட்டிய பெஸ்ஸி எலன் போன்ற பழைய சரக்குக் கப்பல் அங்கே பயணிகளை ஏற்றுகிறது. அம்மா இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் என்றால் இதைச் சொல்வேன்.

மூன்றாவது, பக்கத்தில், செலவும் குறைவு என்றால் இந்தோனேசியாவின் பினிசி என்ற மரக் கப்பல். தெற்கு சுலாவேசியில் வரைபடம் இல்லாமல், முதலில் பலகையைக் கோத்து உடம்பை உருவாக்கி, பிறகு உள்ளே விலா எலும்பு வைத்துக் கட்டுவார்கள். அந்தக் கலையை 2017ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. லபுவான் பாஜோவில் இருந்து கொமோடோ தீவுகளுக்குப் போகிற பினிசிகளில் வசதியும் சாப்பாடும் நன்றாக இருக்கும், போய் இறங்கியே விசா வாங்கலாம், கடல் வெதுவெதுப்பு. ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கேயும் சரி, துருக்கியின் குலெட் படகுகளிலும் சரி, பாதிக்கு மேல் டீசலில்தான் ஓடுகின்றன. நான் ஏறிய ஒன்றில் நான்கு நாளில் பாய் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் நாற்பது நிமிஷம், போட்டோ எடுப்பதற்காக. கயிற்றைத் தொடப் போனேன், 'சார், உட்காருங்கள்' என்று நாற்காலியைக் காட்டினார்கள். பணம் போனதை மறந்துவிட்டேன், அந்த நாற்காலியை இன்னும் மறக்கவில்லை.

அதனால் முன்பதிவுக்கு முன் எழுதிக் கேளுங்கள்: போன சீசனில் ஒரு நாளுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் பாயில் போனீர்கள்? பாய் ஏற்ற, சுக்கான் பிடிக்க எங்களை விடுவீர்களா? புயல் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவீர்களா, பணத்தைத் திருப்பித் தருவீர்களா? சைவச் சாப்பாடு உண்டா? நல்ல கப்பல்காரர் முதல் கேள்விக்கே சந்தோஷமாக நீளமாகப் பதில் எழுதுவார். 'காற்றைப் பொறுத்தது' என்று ஒரே வரியில் முடிப்பவரை விட்டுவிடுங்கள்.

ராயல் கிளிப்பர் என்று ஒன்று இருக்கிறது, ஐந்து பாய்மரம், 42 பாய், இருநூறு பேருக்கு மேல் போகலாம், நீச்சல் குளம்கூட உண்டு. கண்கொள்ளாக் காட்சிதான். வேலை உங்களுக்கு இல்லை, வேடிக்கைதான். மூட்டுவலிக்காரர்களுக்கு அது நல்லது.

காற்றை அளக்க இங்கேயே பழகுங்கள். மாலுமிகள் வைத்திருக்கும் போஃபோர்ட் அளவுகோலில் சுழியம் முதல் பன்னிரண்டு வரை படி. நிலத்தில் இருந்துகொண்டே அதைப் படிக்க அடையாளங்கள் உண்டு. தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் இலை மட்டும் சலசலத்தால் இரண்டு. சின்னக் கிளைகள் ஆடி, ரோட்டுத் தூசி கிளம்பினால் நான்கு. பதினொன்று முதல் பதினாறு நாட் வரை, பாய்க் கப்பலுக்கு அருமையான காற்று. பெரிய கிளை ஆடி, குடை பிடிக்க முடியவில்லை என்றால் ஆறு. கப்பல்காரர் பாயைச் சுருக்குவார். மரமே ஆடினால் ஏழு. அன்றைக்கு நங்கூரத்திலேயே இருந்து கேரம் ஆடுவீர்கள். நம் ஆட்கள் தோட்டத்தில் நிமிர்ந்து பார்த்தே மழை எந்நேரம் வரும் என்று சொல்கிறார்கள். அந்தக் கண் கப்பலில் மதிப்புள்ளது.

துணிமணி விஷயத்தில் நமக்குப் பாதிச் செலவு மிச்சம். ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு எல்லாம் பீரோவில் இருக்கிறது. பருத்தி ஈரமானால் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி ஈரத்திலும் காக்கும். அதனால் உள்ளே கம்பளி, மேலே நீர் புகாத கோட்டு. வழுக்காத ரப்பர் அடி வைத்த செருப்பு. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், படுக்கைக்குக் கீழே நுழையாது. துணிப் பை போதும். படுக்கை ஆறடிக்கு இரண்டடிதான், புருஷன் பெண்டாட்டி மேல்கீழ்ப் படுக்கையில். கழிவறையில் கைப்பம்ப், நல்ல தண்ணீர் அளவாக. நீச்சல் தெரியாவிட்டாலும் ஏற்றுவார்கள், ஆனால் முன்பே சொல்லிவிடுங்கள். கப்பல் ஏறும் ஊருக்கு முந்தின நாளே போய்த் தங்குங்கள். ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குகிற நேரம், யாருக்காகவும் நிற்காது.

பாய்மரத்தில் ஏற ஆசைப்பட்டால், அனுமதிக்கிற கப்பலில், இடுப்பில் பாதுகாப்பு வார்ப்பட்டை கட்டிக்கொண்டு, காற்று அடிக்கிற பக்கத்து ஏணியில் மட்டும் ஏறுங்கள். காற்று உங்களை ஏணியோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் ஏறினால் பிய்த்து வெளியே தள்ளப் பார்க்கும். ஒரு கை எப்போதும் உங்களுக்கு, ஒரு கை வேலைக்கு.

போகும் முன் ஒரு ஞாயிறு, கூடலூர், நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கிப் பேப்பூர் வரை போய் வாருங்கள். இது பயணத்தின் பாகம் என்றே சொல்வேன். நிலம்பூரில் ஆங்கிலேயர் காலத்து மலபார் கலெக்டர் கொனோலி போட்ட 1840களின் தேக்குத் தோட்டம் இன்னும் நிற்கிறது. மலபார் காட்டுத் தேக்கு கப்பலுக்கு வெட்டி வெட்டித் தீர்ந்துகொண்டு வந்ததால் வைத்த தோட்டம் அது. மரத்தைச் சாலியாற்றில் மிதக்கவிட்டுக் கடலோரம் கொண்டுபோனார்கள். நம் மலைச் சரிவின் தண்ணீரும் கலந்து ஓடுகிற ஆறு அது, பேப்பூரில் கடலில் சேர்கிறது. அங்கே இப்போதும் உரு என்ற பெரிய மரக் கப்பல் கட்டுகிறார்கள். பினிசி மாதிரியே காகிதத்தில் வரைபடம் இல்லை, மேஸ்திரியின் மனதில்தான். கட்டி முடித்ததைக் கலாசிகள் என்கிற துறைமுகத் தொழிலாளிகள் கயிறும் உருளையும் வைத்தே ஆற்றில் இறக்குவார்கள். மலபார் தேக்கில் கப்பல் கட்டுவதில் பேர்போன வாடியா குடும்பத்தார் பம்பாயில் கட்டி 1817ல் கடலில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. இருநூறு வருஷம் தாண்டிய அந்தப் பலகைகள் பெரும்பகுதி அப்படியே இருக்கின்றன. பேப்பூரில் தேக்குப் பலகையில் கையை வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கடைசியாக அம்மா. அவங்க வந்த அந்தக் கப்பலைப் பற்றி என் வீட்டிலும் கதை உண்டு, இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுத்த அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லயத்தில் வளர்ந்த யார் வீட்டில்தான் இல்லை. குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்து, மூட்டை முடிச்சோடு கீழ்த்தளத்தில், எண்ணெய் நாற்றத்தில், கரையும் தெரியாமல் வானமும் தெரியாமல், இறங்கினால் திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம். சின்னப் பிள்ளைக்கு வாந்தி வராமல் என்ன செய்யும்? அது கடல் செய்த தப்பில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம். முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு தடவை கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் சன்னலோரமாக, பாறை தெரிகிற பக்கம் உட்கார வையுங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டாம், இரண்டு இட்லி போதும். போனைப் பார்க்க விடாதீர்கள். திரும்பி வந்து அவங்க என்ன சொன்னாங்க என்று எழுதுங்கள்; அதைப் பார்த்து மேய்னா, இந்தோனேசியாவா, எந்த மாதம் என்று முடிவு செய்யலாம்.